அச்சவாரமும் ஒப்பமும்

நெடுந்தீவில் ஒரு புதிய வண்டி வந்து இறங்குவது இன்றும் ஒரு செய்தியாகும். குறிகாட்டுவான் துறையிலே பலகை வைத்து, நாலைந்து பேர் தோள் கொடுத்து, வள்ளத்தில் ஏற்றிக் கயிறிட்டுக் கட்டி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலோடிய பின்னரே அது தீவின் மண்ணைத் தொடுகின்றது. முருகைக்கல் மதில்களுக்கிடையே அது முதன்முறை ஓடும்பொழுது சிறுவர் பின்னால் ஓடுவர். பெரியவர்களோ, 'என்ன விலை? எவ்வளவு கட்டினது?' என்று வினவுவர். இரண்டாவது வினாவே இக்காலத்தின் வினா. வண்டியின் விலையை முழுதாகக் கொடுத்து வாங்குவோர் நம்மிடையே மிகச் சிலர்.

2017ஆம் ஆண்டு தை மாதத்தில், எம் மாணவன் ஒருவனின் தந்தை எதிர்பார்த்திருந்த முச்சக்கர வண்டி அவ்வாறு வந்து இறங்கவில்லை. அவர் கடற்றொழிலாளி. தொழில் இல்லாத நாட்களிலே தீவைப் பார்க்க வருவோரை ஏற்றியிறக்கிப் பிழைக்கலாம் என எண்ணி, மனைவியின் காப்புகளை அடைவு வைத்து, முந்திய மார்கழியில் யாழ்ப்பாணப் பட்டணத்து விற்பனை நிலையமொன்றில் அச்சவாரம் கொடுத்தார். மிகுதிக்கு நிதிக் கம்பனி கடன் தரும் என்று நிலையத்தாரே கூறினர். ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவமொன்றில் அவர் ஒப்பமிட்டார். தை பிறந்ததும் மத்திய வங்கியின் புதிய பணிப்புரை வந்தது. புதிய முச்சக்கர வண்டிக்கு அதன் பெறுமதியில் 25 வீதத்துக்கு மேல் கடன் கொடுத்தல் ஆகாது என்றது அது. அதற்கு முன் இருந்த எல்லை 70 வீதம். ஆறு இலட்சம் ரூபா விலையுள்ள வண்டி என்று கொண்டால், நேற்றுவரை ஓர் இலட்சத்து எண்பதாயிரம் கையில் வைத்திருந்தவன் வாங்கக்கூடியதை, இன்று நாலரை இலட்சம் வைத்திருப்பவனே வாங்கலாம். கடற்றொழிலாளியின் கையில் நாலரை இலட்சம் எங்ஙனம் வரும்?

கடன் இல்லை என்றானபின் அவர் அச்சவாரத்தைத் திருப்பிக் கேட்டார். "அண்ணை, லீசிங் வராதது உங்கட பாடு, ஓடர் தந்தது உங்கட கையெழுத்து" என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து, "மாஸ்டர், இதில என்னதான் எழுதியிருக்கு?" என்று அவர் எம்மிடம் கேட்டபொழுது, ஒப்பமிட்ட தாளை ஒப்பமிட்டவனே வாசிக்க இயலாத அவலம் எம்மைச் சுட்டது. இக்கட்டுரை அவ்வினாவுக்கு நாம் தேடிய விடையாகும். தேடிச் சென்றபொழுது அது யாழ்ப்பாணத்தோடு நிற்கவில்லை. உரோமாபுரி, இலண்டன், டெற்றோயிற் என்று வளர்ந்து, மீண்டும் குறிகாட்டுவானுக்கே வந்து சேர்ந்தது.

முதலில் வழக்கின் உருவத்தைத் தெளிந்துகொள்வோம். சந்தையில் மாடு வாங்கும்பொழுது இருவரே உளர்: விற்பவன், வாங்குபவன். கடனில் வண்டி வாங்கும்பொழுதோ மூவர் உளர்: வண்டியை விற்கும் வணிகர், பணம் கொடுக்கும் கம்பனி, வண்டியை ஓட்டப்போகும் ஏழை. மூவர் இருப்பினும் தாள்கள் இரண்டே. ஒன்று வணிகரிடம் எழுதும் கட்டளைப் படிவம், மற்றது கம்பனியிடம் எழுதும் கடன் விண்ணப்பம். முதலாவதில் ஒப்பமிட்ட கணமே வாங்குபவன் கட்டுப்பட்டுவிடுகின்றான். இரண்டாவது, கம்பனி 'சரி' என்று சொல்லும்வரை எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. இவ்விரு தாள்களுக்கும் இடையிலுள்ள சிறு வெளியிலேதான் ஏழையின் அச்சவாரம் விழுந்து மறைகின்றது.

அச்சவாரம் என்பது புதிய வழக்கன்று. பேச்சு முடிந்ததற்கு அடையாளமாகச் சிறு தொகை கொடுத்தல் பண்டைக் காலந்தொட்டுப் பல நாடுகளிலும் நிலவிய முறையே. கி.பி. 533இல் யுஸ்தீனியன் பேரரசன் வெளியிட்ட சட்டப் பாடநூல் இதுபற்றி ஒரு விதியைக் கூறுகின்றது. வாங்குபவன் பின்வாங்கினால் கொடுத்த அச்சவாரத்தை இழப்பான். விற்பவன் பின்வாங்கினால் பெற்றதை இரட்டித்துக் கொடுப்பான். இவ்விதியின் நடுநிலைமை எண்ணத்தக்கது. அச்சவாரம் இரு கைகளையும் பிணைத்த கயிறாக இருந்தது. வாங்குபவனின் கழுத்தில் மட்டும் மாட்டிய சுருக்காக அது இருக்கவில்லை.

எமது மண்ணின் பழைய சட்டமும் இத்தகைய சமன்பாட்டை அறியாததன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1706 - 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்ததும் பன்னிரு முதலிமார் பார்வையிட்டு ஒப்புக்கொண்டதுமான தேசவழமை, காணியை விற்க நினைப்பவன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் ஒற்றி பிடித்திருக்கும் அயலாருக்கும் முன்னறிவித்தல் வேண்டும் என்று விதித்தது. விற்பனை இருவரின் மறைவான காரியமாக இல்லாமல் ஊரறிந்த காரியமாக இருந்தது. அவ்வழமை போற்றிய ஒற்றி முறையையும் நோக்குக. ஒற்றியில் நிலத்தின் பயனைக் கடன் கொடுத்தவன் அனுபவிப்பான். ஆயின் நிலத்தின் உரிமை கடன்பட்டவனிடமே இருக்கும். பணத்தைக் கொடுத்து அவன் அதனை மீட்கலாம். தேசவழமை பொற்காலச் சட்டம் என்று நாம் கூறவில்லை. அடிமைகளை உடைமையாக எழுதிய சட்டமும் அதுவே. எனினும் கடன்பட்டவன் உடைமையற்றவனாகிவிடுவதில்லை என்ற ஒரு கருத்து அதிலே நிலைத்திருந்தது.

பின்னர் வந்த ஆங்கிலேயர் தேசவழமையை ஒழிக்கவில்லை. அதனைக் காணிக்கும் குடும்பத்துக்கும் ஒதுக்கிவிட்டு, வணிகத்துக்குத் தமது சட்டத்தைக் கொண்டுவந்தனர். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கடல் வாணிபத்திலும் வணிகக் காரியங்கள் பலவற்றிலும் இங்கிலாந்தின் சட்டமே செல்லும் என்றது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பண்ட விற்பனைக் கட்டளைச் சட்டம், 1893இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டத்தைத் தழுவியது. ஆகவே நெடுந்தீவான் பனங்காணி விற்றால் தேசவழமை. வண்டி வாங்கினால் இலண்டன் வழமை! எமது மீனவரின் படிவத்தை விளங்க இலண்டனுக்குச் செல்ல வேண்டியிருப்பது இதனாலேயே.

அங்கே 19ஆம் நூற்றாண்டில் இயந்திரப் பொருள்கள் பெருகின. தையல் இயந்திரமும் பியானோவும் தளபாடமும் தொழிலாளர் வீடுகளுக்குத் தவணைக் கட்டணத்தில் சென்றன. தவணை முடியுமுன் பொருளை வேறொருவருக்கு விற்றால் யாருக்கு உரிமை என்ற வினா எழுந்தது. 1893இல் லீ எதிர் பட்லர் என்ற வழக்கில், வாங்குவதாக உடன்பட்டவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே உரிமை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. வணிகர் அஞ்சினர்; படிவத்தை மாற்றினர். 1895இல் ஹெல்பி எதிர் மத்தியூஸ் வழக்குப் பிரபுக்கள் சபைக்கு வந்தது. பியானோ ஒன்றைத் தவணையில் எடுத்தவன் அதனை அடைவு வைத்துவிட்டான். படிவத்திலோ, அவன் 'வாங்குபவன்' என்று எழுதப்படவில்லை. வாடகைக்கு எடுப்பவன், எந்நேரமும் திருப்பிக் கொடுக்கலாம், கடைசித் தவணை கட்டினாலன்றி உடைமை அவனுக்கில்லை என்று எழுதப்பட்டிருந்தது. அவன் வாங்க உடன்பட்டவனல்லன் ஆதலால் பியானோ வணிகருக்கே உரியது என்று பிரபுக்கள் தீர்த்தனர். வாடகைக் கொள்வனவு என்னும் முறை இத்தீர்ப்பிலே உறுதிபெற்றது.

இங்கே நிகழ்ந்த தலைகீழ் மாற்றத்தைக் கவனியுங்கள். ஒற்றியில் உரிமை கடன்பட்டவனிடம், அனுபவம் கடன் கொடுத்தவனிடம். வாடகைக் கொள்வனவில் அனுபவம் கடன்பட்டவனிடம், உரிமை கடன் கொடுத்தவனிடம். தொண்ணூறு வீதம் கட்டியவனும் சட்டத்தின் கண்ணில் வாடகைக்காரனே.

பியானோவுக்குப் பின் மோட்டார் வண்டி வந்தது. அதன் விலை பெரிது. தவணையில் விற்றுவிட்டுக் காத்திருக்கச் சிறு வணிகரிடம் முதல் இல்லை. ஆகவே மூன்றாமவர் நுழைந்தனர். அமெரிக்காவில் 1919இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன் வண்டிகளுக்குக் கடன் கொடுக்கவென்றே தனி நிதிக் கம்பனியைத் தொடங்கிற்று. ஹென்றி போர்டோ கடனை விரும்பாதவர். 1923இல் அவர் கொண்டுவந்த திட்டத்தின்படி, வாங்க விரும்புபவன் வாரந்தோறும் 5 டொலர் கட்டிவர வேண்டும். பணம் வங்கியில் சேரும். விலை நிறைந்த பின்னரே வண்டி கிடைக்கும். எமது ஊர்ச் சீட்டைப் போன்ற முறை அது. சேமித்துப் பின் வாங்குவதா, வாங்கிப் பின் கட்டுவதா என்ற போட்டியில் கடனே வென்றது. 1920களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் நாலு வண்டிகளில் ஏறக்குறைய மூன்று தவணையில் விற்கப்பட்டன. வண்டி செய்பவனும் கடன் கொடுப்பவனும் ஒருவனேயானபொழுது நடுவிலிருந்த வணிகனும் நெருக்கப்பட்டான். தன் நிதிக் கம்பனியையே பயன்படுத்துமாறு வணிகரை நெருக்கியதாக ஜெனரல் மோட்டர்ஸ்மீது தொடுக்கப்பட்ட வழக்கில் 1939இல் அக்கம்பனி குற்றவாளியாகக் காணப்பட்டது. 1941இல் மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. வணிகர் எல்லாரும் கொடியவர் என்று எண்ணிவிடலாகாது என்பதற்காகவே இதனைக் கூறுகின்றோம். அவர்களும் பெருமுதலின் பிடியிலே அகப்பட்டவர்களே. ஆயின் மேலிருந்து வந்த நெருக்கம் ஈற்றில் யாருடைய தலையில் இறங்குகின்றது என்பதே வினா.

இங்கிலாந்தில் இவ்வினாவைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுசென்றவர் எலன் வில்கின்சன் என்ற பெண்மணி. வேலையற்றோர் 1936இல் இலண்டன்வரை நடந்து சென்ற ஜாரோ நகரின் தொழிற்கட்சி உறுப்பினர் அவர். ஒரு தவணை தவறியவுடன் வீடு புகுந்து பொருளைப் பறித்துச் செல்லும் கொடுமையை அவர் எடுத்துக்காட்டினார். 1938இல் நிறைவேறிய வாடகைக் கொள்வனவுச் சட்டம், விலையில் மூன்றிலொரு பங்கு கட்டப்பட்ட பின் நீதிமன்றத்தின் கட்டளையின்றிப் பொருளைப் பறித்தல் ஆகாது என்றது. ஆயின் மோட்டார் வாகனமாயின் 50 பவுணுக்கு மேற்பட்டதற்கு அச்சட்டம் செல்லாது. ஏழையின் கட்டிலைக் காத்த சட்டம் அவனுடைய வண்டியைப் பெரும்பாலும் காக்கவில்லை.

வண்டிக்கும் கடனுக்கும் இடையிலுள்ள வெளி பற்றிய வழக்கு 1962இல் வந்தது. ஸ்ரிம்சன் என்பவர் வணிகரொருவரிடம் வண்டி பார்த்து, நிதிக் கம்பனியின் படிவத்தில் ஒப்பமிட்டு, 70 பவுண் முற்பணம் கட்டி வண்டியைக் கொண்டுசென்றார். இரண்டு நாளில் மனம் மாறி, முற்பணத்தை இழக்கவும் உடன்பட்டு, வண்டியை வணிகரிடமே விட்டுவிட்டார். அங்கிருந்து அது களவுபோய்ச் சிதைந்து மீண்டது. இதனை அறியாத நிதிக் கம்பனி அடுத்த நாள் படிவத்தில் ஒப்பமிட்டு, ஒப்பந்தம் முடிந்தது என்று பணம் கேட்டது. படிவம் என்பது கம்பனி ஏற்கும்வரை வெறும் வேண்டுகோளே. வணிகரிடம் சொல்லி அதனை மீட்டுக்கொள்ளலாம். வண்டி முந்திய நிலையில் இருந்தாலன்றி அவ்வேண்டுகோள் நில்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. கம்பனி ஒப்பமிடும்வரை வாங்குபவனும் கட்டற்றவனே என்ற இத்தீர்ப்பு, நாம் மேலே கூறிய வெளியில் நாட்டப்பட்ட முதல் விளக்குகளுள் ஒன்று எனலாம்.

1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் அவ்விளக்கை மேலும் தூண்டிற்று. கடன் பற்றி வாங்குபவனோடு பேசும் வணிகர் கடன் கொடுப்பவரின் முகவராகவே கொள்ளப்படுவார். முடிவாகாத கடனிலிருந்து ஒருவன் விலகினால் அதனோடு இணைந்த கொள்வனவும் கலையும் என்பன அதன் கருத்துகள். இரண்டு தாளும் உண்மையில் ஒரே காரியமே என்பதை ஏற்கச் சட்டத்துக்கு ஹெல்பி வழக்கிலிருந்து ஏறக்குறைய 80 ஆண்டு பிடித்தது.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், வாகனப் பதிவுப் புத்தகத்தில் வண்டி ஓட்டுபவர் பெயரோடு முழு உரிமையாளர் என்று கடன் கொடுத்தவர் பெயரும் பதியப்படும் முறை உண்டு. 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் வாடகைக் கொள்வனவை ஒழுங்குபடுத்த எழுந்தது. ஆயின் வாகனக் கடன் மெல்ல மெல்ல லீசிங் எனப்படும் நிதிக் குத்தகைக்கு மாறியது. அதற்கென 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வண்டியைத் தேர்பவன் குத்தகைக்காரன், வாங்குபவர் கம்பனி, விற்பவர் மூன்றாமவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன், 1988இல், ஒட்டாவா நகரிலே நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கை இம்மூவர் உறவைத் தெளிவாக வரைந்திருந்தது. அங்கும் குத்தகைக்காரன் தேர்ந்த பொருளின் குறைகளுக்குக் கம்பனி பொதுவாகப் பொறுப்பாவதில்லை.

2009இல் போர் முடிந்தபின் வடபகுதிக்கு வீதிகள் திறந்தன. வீதிகளோடு நிதிக் கம்பனிகளின் கிளைகளும் வந்தன. வள்ளமும் வலையும் மாடும் வீடும் இழந்த மக்களுக்கு, எதையும் இழக்கத் தேவையின்றி வண்டி தருவோம் என்ற அழைப்பு எவ்வளவு இனித்திருக்கும்! முச்சக்கர வண்டி வேலையற்ற இளைஞனின் வேலையாயிற்று. இறக்குமதி பெருகி அந்நியச் செலாவணி கரைவதைக் கண்ட அரசு கடனின் கடிவாளத்தை இழுத்தது. 2015இல் 70 வீத எல்லை, 2017இல் 25 வீத எல்லை. அதன்பின்னும் விகிதங்கள் மாறின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேயே. நாட்டின் செலாவணியைக் காப்பது தவறென்று நாம் கூறவில்லை. கடனின் அளவை ஓர் இரவில் மாற்றும் அரசு, அக்கடனை நம்பி முன்னரே எழுதப்பட்ட கட்டளைப் படிவங்களுக்கு என்ன கதி என்பதையும் அதே தாளில் ஒரு வரியில் எழுதியிருக்கலாகாதா? கடிவாளத்தை இழுத்தவர் கொழும்பில் இருந்தார்; விழுந்தவன் நெடுந்தீவில் இருந்தான்.

1997இல் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய சட்டமும், 2003இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் இந்நாட்டில் இயற்றப்பட்டன. சட்டம் இல்லை என்பதன்று குறை. ஊர்காவற்றுறை நீதிமன்றுக்குப் போவதாயினும் யாழ்ப்பாணத்து அலுவலகத்துக்குப் போவதாயினும் தீவான் முதலில் கடலைத் தாண்ட வேண்டும். ஒரு நாள் தொழில் போகும். காற்றெழுந்தால் இரண்டு நாளும் போகும். அச்சவாரத்தை மீட்கும் செலவு அச்சவாரத்தையே விழுங்கிவிடும். இதனை அறிந்தே படிவங்கள் எழுதப்படுகின்றன என்று நாம் ஐயுறுவதில் பிழையுண்டோ?

இது எமது வறுமைக்கு மட்டும் உரிய நோயும் அன்று. அமெரிக்காவில் கடன் முடிவாகுமுன்னே வண்டியைக் கையில் கொடுத்தனுப்பி, சில நாளில் 'கடன் கிடைக்கவில்லை' என்று அழைத்து, கூடிய வட்டியில் வேறு தாளில் ஒப்பமிடச் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக முறையீட்டுக்கு உள்ளாகியிருக்கின்றது. பழைய வண்டியை மாற்றாகக் கொடுத்தவன் திரும்பி வந்தால் அது ஏற்கெனவே விற்கப்பட்டிருக்கும். பேரம் எப்பொழுது முடிவானது என்பது பற்றியும், முடிவாகாதபொழுது முற்பணத்தையும் மாற்று வண்டியையும் வைத்துக்கொள்வது பற்றியும் பொய்யுரைத்தலைத் தடுக்கும் விதியொன்றை அந்நாட்டு மத்திய வணிக ஆணைக்குழு 2023 டிசெம்பரில் அறிவித்தது. வணிகர் சங்கங்கள் வழக்காடின. விதியியற்றும் முறையில் தவறு நேர்ந்தது என்று கூறி 2025 சனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை நீக்கிவிட்டது. செல்வம் கொழிக்கும் நாட்டிலும் அவ்வெளி இன்னும் மூடப்படவில்லை.

அவ்வாறாயின் நாம் செய்யக்கூடியது யாது? பெரிய புரட்சி ஒன்றும் வேண்டா. ஒரு வாக்கியம் போதும். 'கடன் முடிவாகாவிடின் இக்கட்டளை கலையும். முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்' என்பதே அது. வணிகருக்கு மெய்யாகவே செலவு ஏற்பட்டிருப்பின் அதனைக் கணக்குக் காட்டிக் கழிக்கட்டும். அது நியாயமே. ஆயின் கடன் கிடைக்கும் என்று நம்பவைத்தவர், அது கிடையாதபொழுது வரும் நட்டம் முழுவதையும் நம்பியவன்மேல் சுமத்துவது எந்த நியாயத்தில் அடங்கும்? அந்த ஒரு வாக்கியம் தமிழில் எழுதப்பட வேண்டும்; ஒப்பமிடும் இடத்துக்கு மேலே எழுதப்பட வேண்டும்; எழுத மறுப்பவரிடம் அச்சவாரம் கொடாதிருக்க வேண்டும்.

மற்றொன்று, முறைமாற்றம். முதலில் கடன், பின்னரே வண்டி. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு இந்நாட்டில் வேரூன்றிய கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இதற்கே தோன்றியவை. கடன் கொடுப்பவன் கடன் கேட்பவனை அறிந்திருப்பான். 'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் அச்சவாரம் கொடுக்குமுன்னே சொல்லிவிடுவான். தீவுப்பகுதிச் சங்கங்கள் இதனைத் தம் பணியாகக் கொள்ளுமாயின் பல வீடுகளின் காப்புகள் அடைவுக் கடைக்குப் போகாதிருக்கும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடன் உண்டு. பத்தாம் வகுப்பு மாணவனுக்குச் சங்கப் பாடலின் துறையையும் திணையையும் பிரித்தறியக் கற்பிக்கின்றோம், கற்பிக்கத்தான் வேண்டும். ஆயின் அவனுடைய தந்தை ஒப்பமிடும் படிவத்தில், கட்டுப்படுபவன் யார், கட்டுப்படாதவன் யார் என்று பிரித்தறியவும் அவனுக்குக் கற்பிக்க வேண்டாமா? இதனை எழுதுமுன் அப்படிவத்தைப் பெயரும் முகவரியும் மறைத்து வகுப்பில் வைத்து, மொழிபெயர்த்து வாசித்தோம். வாங்குபவனின் கடமைகள் பதினொரு வரிகளில் இருந்தன. விற்பவரின் கடமை ஒரு வரிகூட இல்லை. அதனை எண்ணிச் சொன்னவன் அம்மீனவரின் மகனே.

அவர் மூன்று முறை கடல் தாண்டிப் போய்வந்தபின், அச்சவாரத்தில் பாதி திரும்பியது. அதனைக் கொண்டு ஒரு காப்பு மீண்டது. மற்றக் காப்பு மீளவில்லை. வண்டியும் வரவில்லை. விற்பவன் பின்வாங்கியிருந்தால் பண்டைய உரோமானியன் இரட்டித்துப் பெற்றிருப்பான். எமது நெடுந்தீவான் பாதியைப் பெற்றதற்கே நன்றி சொல்லிவிட்டு வந்தான். அந்த நன்றியை எண்ணும்பொழுதெல்லாம் எமக்குத் தலை குனிகின்றது.